பீட் நிலமும் விளைநிலமும்: மண் வரைபடம் தயாரிக்கத் தொடங்குபவர்களுக்கு

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஆனால் உலக மண்ணில் உள்ள கரிமத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவற்றில் கிடக்கிறது. நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் செடிகொடிகள் முழுதாக மட்காமல், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மண்தான் பீட். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிர் வைத்தால் காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன, சேர்த்துவைத்ததெல்லாம் கரியமில வாயுவாகக் கிளம்புகிறது. உலகின் பீட் நிலங்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் இப்படி வடிக்கப்பட்டிருக்கிறது. மனிதச் செயல்களால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 4 விழுக்காடு அந்தச் சிறு பகுதியிலிருந்து வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. அங்கே விளைநிலத்தில் 3 விழுக்காடு மட்டுமே வடிக்கப்பட்ட பீட். வேளாண்மையின் மொத்த உமிழ்வில் ஏறக்குறைய கால் பங்கு அதிலிருந்துதான். வரைபடம் தேவைப்படுவது இந்த ஏற்றத்தாழ்வினால்தான். எந்த வயலில் நீர்மட்டத்தை உயர்த்தினால் பலன் பெரிது, எந்த வயலை உழவுக்கே விட்டுவிடலாம் என்று பிரித்துச் சொல்ல முடிந்தால், உணவு உற்பத்தியில் அதிகம் கைவைக்காமல் உமிழ்வைக் குறைக்கலாம். பிரிக்காமல் எல்லா வயலுக்கும் ஒரே விதி போட்டால் இரண்டுமே கெடும்.

மாணவர்கள், வேளாண் அலுவலர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், கணினித் துறையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. வேலையில் பாதி கணினியில், மீதி சேற்றில்.

1. எந்த முடிவுக்காக வரைகிறீர்கள்?

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த வரைபடத்தைப் பார்த்து யார், என்ன முடிவு எடுக்கப்போகிறார்? நாட்டின் உமிழ்வுக் கணக்குக்கு என்றால் மொத்தப் பரப்பு சரியாக இருந்தால் போதும். அங்கொரு வயல் இங்கொரு வயல் பிசகினாலும் கூட்டலில் ஓரளவு சமனாகிவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட உழவருக்கு இழப்பீடு கொடுப்பதா, அவர் வாய்க்காலை அடைக்கச் சொல்வதா என்பதற்கு என்றால் அந்த வயலின் எல்லை சரியாக இருக்க வேண்டும். முதல் வகை வரைபடத்தை இரண்டாம் வகை முடிவுக்குப் பயன்படுத்துவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

அளவு முக்கியம். இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய மண் வரைபடமான சாயில்கிரிட்ஸில் ஒரு கட்டம் 250 மீட்டர். அதாவது 6 ஹெக்டேருக்குச் சற்று மேல். இரண்டு ஹெக்டேர் வயல் அதற்குள் காணாமல் போய்விடும். அத்தகைய வரைபடங்கள் எங்கே தேடலாம் என்று காட்டும்; எந்த வயல் என்று சொல்லாது.

2. வரையறையில் சிக்கிக்கொள்ளாதீர்கள், அளவையே குறித்துவையுங்கள்

எது பீட்? நாட்டுக்கு நாடு பதில் வேறு. உலக மண் வகைப்பாட்டு முறையில் கரிமம் 20 விழுக்காட்டுக்குக் குறையாத பொருள் பெரும்பாலும் 40 செ.மீ. தடிமனுக்குக் குறையாமல் இருந்தால் அது ஹிஸ்டோசால், அதாவது பீட் போன்ற கரிம மண். நேரடியாகப் பாறைமேல் கிடந்தால் 10 செ.மீ. போதும். இந்தோனேசியா 50 செ.மீ. தடிமனை எல்லையாக வைக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆழமான பீட் என்றால் 50 செ.மீ.க்கு மேல். ஜெர்மனியில் 30 செ.மீ. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் உமிழ்வுக் கணக்கு முறையோ 12 விழுக்காடு கரிமத்திலிருந்தே கரிம மண் என்று எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. தடிமனை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிடுகிறது.

ஆக, களப் படிவத்தில் ‘பீட் / பீட் அல்ல’ என்று இரண்டு கட்டம் போட்டு டிக் அடிக்காதீர்கள். தடிமனைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள், கரிமத்தை விழுக்காட்டில் எழுதுங்கள். வரையறை நாளை மாறினாலும் அந்த எண்களிலிருந்து புதிய வரைபடம் எடுத்துவிடலாம். டிக் மட்டும் இருந்தால் மறுபடி முதலிலிருந்து வயலுக்குப் போக வேண்டும். ‘பீட்’ என்ற வரையறைக்குள் வராத 6 முதல் 12 விழுக்காடு கரிமம் உள்ள மண்ணையும் விட்டுவிடாதீர்கள். டென்மார்க் தன் கணக்கில் இந்த இடைநிலை மண்ணைத் தனியாகச் சேர்க்கிறது. அதிலிருந்தும் உமிழ்வு உண்டு என்பதே காரணம்.

எல்லையோர மண்தான் உண்மையில் தலைவலி. நெடுங்காலம் உழுத பீட் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில், வெப்பமண்டலத்தில் அதைவிட வேகமாக, தாழ்ந்துகொண்டே போகிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வடிகால் வெட்டிய காலத்தில், தரையோடு தரையாகப் புதைத்த இரும்புத் தூண் இன்று தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இப்படித் தேய்ந்த நிலத்தின் ஓரங்களில் பீட் 20, 30 செ.மீ.யாக மெலிந்து, கலப்பை அடிமண்ணைக் கிளறிக் கலந்து, இதுவா அதுவா என்று சொல்ல முடியாத கரும்பழுப்பு மண்ணாகிவிடும். ஒரு வட்டாரத்தின் பீட் பரப்பு எவ்வளவு என்பதில் எழும் சச்சரவு பெரும்பாலும் இந்த ஓர மண்ணைப் பற்றியதுதான். உங்கள் நேரத்திலும் பணத்திலும் பெரும்பகுதி அங்கே போகட்டும். நடுவில் 3 மீட்டர் ஆழம் உள்ள இடத்தில் மேலும் பத்துக் குழி தோண்டி யாருக்கும் லாபமில்லை.

3. ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுங்கள்

பழைய மண் ஆய்வு வரைபடங்கள், நிலவியல் வரைபடங்கள், வடிகால் திட்ட ஆவணங்கள், பழைய வான்வழிப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். அயர்லாந்தில் 1809 முதல் 1814 வரை சதுப்புநில ஆணையர்கள் வரைந்த வரைபடங்கள் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. இப்போது பசும்புல் வெளியாகத் தெரியும் இடத்தில் ஒரு காலத்தில் சதுப்பு இருந்தது என்று அவை சொல்கின்றன. பழைய வரைபடம் காட்டும் பீட் இன்றும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தேடும் இடத்தைச் சுருக்க அது உதவும், அவ்வளவுதான்.

நிலத்தில் உழைப்பவர்களிடம் பேசுங்கள். ‘உங்கள் நிலத்தில் பீட் இருக்கிறதா?’ என்று கேட்டால் பயனில்லை. விதிமுறை வரப்போகிறது என்று நினைத்து எச்சரிக்கையாகத்தான் பதில் வரும். டிராக்டர் எங்கே அமிழ்கிறது, எந்த வாய்க்காலைத் திரும்பத் திரும்ப ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது, கோடையில் எந்த மூலை பொடியாகிக் காற்றில் பறக்கிறது, எந்த வேலிக்கம்பம் சாய்கிறது, எந்தப் பாதை அலை அலையாக மேடுபள்ளம் ஆகிறது என்று கேளுங்கள். செயற்கைக்கோள் பத்தாண்டுகளில் சொல்லாததை அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

4. வானிலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது

இன்று இலவசமாகக் கிடைக்கும் படங்கள் ஏராளம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஒளிப்படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை வருகின்றன. சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும். மேற்பரப்பின் ஈரத்தையும் வெள்ளத்தையும் ஓரளவு உணரும். லேண்ட்சாட் படங்கள் 1970களிலிருந்து இருப்பதால் எந்தக் காலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், எப்போது காடழித்தார்கள் என்று பின்னோக்கிப் பார்க்கலாம்.

இவை எதுவும் மண்ணுக்குள் பார்ப்பதில்லை. தொடப்படாத சதுப்பில் இது பெரிய சிக்கல் இல்லை. அங்கே வளரும் பாசியும் கோரையும் காட்டும் அடையாளமே போதும். விளைநிலத்தில் கதை வேறு. பீட் மேலும் அதே புல், களிமண் மேலும் அதே புல். ஆகவே விளைநிலத்தைப் பொறுத்தவரை தாவரத்தைவிட நில அமைப்பே நம்பகமான துப்பு. நீர் எங்கே சேருமோ அங்கே பீட் உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம். தரை உயர மாதிரியிலிருந்து சரிவு, தாழ்நிலம், அருகிலுள்ள ஓடையிலிருந்து உயர வேறுபாடு, நீர் எங்கே சேரும் என்று காட்டும் நீர்சேர் குறியீடு ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். உலகம் முழுவதற்கும் 30 மீட்டர் கட்ட உயரத் தரவு இலவசம். உங்கள் பகுதிக்கு லைடார் (வானிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சித் தரை உயரத்தை அளக்கும் முறை) தரவு இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஒரு மீட்டர் அகல வாய்க்கால்கூடத் தெரியும், அந்த வாய்க்கால் வலையே பின்னால் மிகவும் தேவைப்படும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு கருவி விமானவழிக் கதிரியக்க அளவீடு. பாறையிலும் கனிம மண்ணிலும் உள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் இயல்பாகவே காமா கதிர்களை வெளிவிடுகின்றன. நீரில் ஊறிய பீட் அவற்றை விழுங்கிவிடுகிறது. தாழப் பறக்கும் விமானத்தில் அளந்தால் பீட் இருக்கும் இடம் கதிர் குறைந்த மங்கலான திட்டாகத் தனித்துத் தெரியும். மேலே என்ன பயிர் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. சில நாடுகளின் நிலவியல் துறைகள் கனிமத் தேடலுக்காக எடுத்த இத்தகைய தரவு கிடப்பில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையில் ‘கூவெட் சென்ட்ரால்’ என்ற பெரும் சதுப்பு இருக்கிறது. அங்கே பீட் இருக்கலாம் என்று செயற்கைக்கோள் தரவும் நில உயரத் தரவும் துப்புக் கொடுத்தன. ஆனால் ஆய்வாளர்கள் சதுப்புக்குள் நடந்து போய்த் துளையிட்டு எடுத்த மாதிரிகளை வைத்துத்தான் 2017இல் சுமார் 1,45,500 சதுர கி.மீ. பீட், அதில் ஏறத்தாழ 30 பில்லியன் டன் கரிமம் என்று சொல்ல முடிந்தது. அதுவரை உலக வரைபடங்களில் அது சரியாக இடம்பெறவே இல்லை. இரண்டு வேலையும் சேர்ந்தால்தான் வரைபடம்.

5. எங்கே துளையிடுவது

பாதை ஓரமாக வசதியான இடங்களில் துளையிட்டுவிட்டுத் திரும்ப ஆசை வரும். பாதைகள் பெரும்பாலும் மேட்டு நிலத்தில் போகின்றன. அங்கே பீட் மெல்லியது. முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

எளிய திட்டம் ஒன்று: நான்காம் படியில் கணக்கிட்ட நில அமைப்பை வைத்துப் பகுதியை நான்கைந்து வகையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் சில புள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல், மேட்டிலிருந்து தாழ்வுக்குக் குறுக்கே சில நேர்கோடுகள் போட்டு, பீட் தொடங்கும் இடத்துக்கு அருகே 10 அல்லது 20 மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக அளந்துகொண்டே போங்கள். ஓரத்தைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. பீட் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடங்களிலும் அளந்து பூச்சியம் என்று எழுதுங்கள். பூச்சியங்கள் இல்லாத தரவைக் கணினிக்குக் கொடுத்தால் அது எல்லா இடத்திலும் பீட் இருப்பதாகவே கற்றுக்கொள்ளும்.

குலுக்கலில் வந்த புள்ளிகளில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கிப் பூட்டிவையுங்கள். வரைபடம் முடிந்த பிறகு சோதிப்பதற்கு மட்டும் அவற்றைத் திறக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி, மண்ணுக்கடியில் போகும் குழாய், மின்கம்பி பற்றிய விவரம் இரண்டும் கையில் இல்லாமல் ஒரு துளையும் போட வேண்டாம்.

6. களத்தில்

ஆழம் பார்க்க, ஒன்றோடொன்று திருகி நீட்டக்கூடிய மெல்லிய இரும்புக் கம்பி போதும். அழுத்தினால் பீட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும். களிமண்ணைத் தொட்டால் பிசுக்கெனப் பிடிக்கும். மணல் என்றால் கரகரக்கும், அந்த ஒலி கைக்கே தெரியும். புதைந்த மரக்கட்டையில் மோதியும் நின்றுவிடலாம் என்பதால் ஒரு மீட்டர் சுற்றுக்குள் மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, மூன்று அளவையும் எழுதுங்கள். மிக மென்மையான அடிமண் இருந்தால் கம்பி அதற்குள்ளும் இறங்கி ஆழத்தைக் கூட்டிக்காட்டும். ஆகவே சில புள்ளிகளில் மாதிரி எடுத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

மாதிரி எடுக்க ரஷ்யத் துளைக்கருவி நல்லது. அரை உருளை வடிவ அறையை மூடியபடி வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, அரைச் சுற்றுத் திருப்பினால் பக்கத்தில் இருக்கும் பீட்டை வெட்டி உள்ளே அடைத்துக்கொள்ளும். மாதிரி நசுங்காது, அதன் கன அளவும் தெரிந்ததே. வெளியே எடுத்தவுடன் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். காற்றுப் பட்டால் சில நிமிடத்தில் நிறம் கறுத்துவிடும்.

பிறகு கையில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். இது விளையாட்டில்லை, ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1920களில் உருவாக்கி இன்றும் புழக்கத்தில் உள்ள, பீட் எவ்வளவு மட்கியிருக்கிறது என்று காட்டும் அளவுகோல். தெளிந்த நீர் மட்டும் வந்து, செடியின் வடிவம் அப்படியே தெரிந்தால் எச்1. எல்லாமே குழம்பாக விரலிடுக்கு வழியே வழிந்துவிட்டால் எச்10. இடையில் உள்ள படிகளைக் கை பழகப் பழகக் கண்டுகொள்ளும். ஒரே குழுவில் இருவர் தனித்தனியாகப் பிழிந்து எண்ணை ஒப்பிட்டால் ஒருவர் கை மற்றவரிடமிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பீட் முடியும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். அடியில் இருப்பது மணலா, களியா, சுண்ணாம்பு மண்ணா என்று பாருங்கள். கடலோரத் தாழ்நிலங்களில் பீட்டுக்கு அடியில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்த களிமண் இருக்கலாம். நீருக்குள் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். காற்றுப் பட்டால் கந்தக அமிலம் உருவாகி நிலமும் நீரும் கெடும். பீட் மெலிந்துகொண்டே வரும் இடத்தில் இன்னும் எத்தனை ஆண்டு உழலாம் என்ற கேள்விக்கு அந்த அடிமண்ணில்தான் விடை இருக்கிறது.

சாதாரண விளைமண் புள்ளிகளில் வேலை குறைவு. 0–30 செ.மீ., 30–60 செ.மீ. என இரண்டு அடுக்கில் மாதிரி எடுங்கள். ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா போல நீட்டிப் பாருங்கள். நீளமாக வந்தால் களி, உடனே உதிர்ந்தால் மணல். அறிந்த கன அளவுள்ள உலோக வளையத்தை அடித்து இறக்கி ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது அடுத்த படியில்.

எல்லாப் புள்ளியிலும் பொதுவாகக் குறிக்க வேண்டியவை: ஜிபிஎஸ் இடம், தேதி, பயிர், அருகிலுள்ள வாய்க்காலின் ஆழம், அன்றைய நீர்மட்டம்.

7. ஆய்வகமும் ஒரு சிறு கணக்கும்

மாதிரியை 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடை பார்த்தால், கன அளவால் வகுத்துப் பரும அடர்த்தி கிடைக்கும். பின்பு 550 பாகையில் எரித்தால் கரிமப்பொருள் போய்ச் சாம்பல் மிஞ்சும்; இழந்த எடையே கரிமப்பொருள். அதில் ஏறத்தாழ பாதி கரிமம் என்று கொள்ளலாம். பழைய நூல்கள் 58 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளும். பல மண்ணுக்கு அது மிகை. பணம் இருந்தால் உலர் எரிப்புக் கருவியில் கரிமத்தை நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். களிமண் அதிகம் உள்ள மாதிரியில் எரிப்பு இழப்பு ஏமாற்றும். களியோடு பிணைந்த நீரும் எடையிலிருந்து போய்விடுவதால் கரிமம் கூடுதலாகத் தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு ஹெக்டேரில் உள்ள கரிமம் டன்னில் = ஆழம் செ.மீ.யில் × பரும அடர்த்தி × கரிமப் பங்கு × 100. ஒரு மீட்டர் ஆழ பீட், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.15 கிராம், கரிமம் பாதி என்றால் 100 × 0.15 × 0.5 × 100 = 750 டன். சாதாரண விளைமண்ணில் மேல் 30 செ.மீ., அடர்த்தி 1.3, கரிமம் 1.5 விழுக்காடு என்றால் 30 × 1.3 × 0.015 × 100 = சுமார் 58 டன். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கே இந்த வேறுபாடு. ஐந்து மீட்டர் ஆழ பீட்டும் உண்டு.

பரும அடர்த்தியை அளக்காமல் நூலிலிருந்து எடுத்துப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தொடப்படாத பீட் 0.1ஐ ஒட்டியிருக்கும், நெடுநாள் உழுது இறுகியது 0.3ஐத் தாண்டலாம். மூன்று மடங்கு வேறுபாடு நேராக விடைக்குள் போய்விடும்.

8. நீர்மட்டம்: பெரும்பாலான வரைபடங்களில் இல்லாத அடுக்கு

எவ்வளவு கரிமம் இருக்கிறது என்பது இருப்புக் கணக்கு. ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை நிர்ணயிப்பது முக்கியமாக நீர்மட்டம். 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, வடிக்கப்பட்ட பீட்டில் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 செ.மீ. உயர்த்தும்போதும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வு குறையும் என்று காட்டியது. மட்டம் தரைக்குக் கீழே 30 செ.மீ.யை எட்டும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். முழுதாகச் சதுப்பாக்குவது, அல்லது ஒன்றுமே செய்யாதது என்ற இரண்டே வழி என நினைத்துப் பேசுபவர்களுக்கு இது நல்ல பதில். பயிர் செய்துகொண்டே 80 செ.மீ.யிலிருந்து 50க்கு வந்தாலும் பலன் உண்டு.

அரசுகளிடைக் குழுவின் 2013 ஈரநிலத் துணைக்கையேட்டில் மிதவெப்ப மண்டலத்துக்கான எண்களும் இதையே சொல்கின்றன. வடித்து உழும் நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 7.9 டன் கரிமம், அதாவது சுமார் 29 டன் கரியமில வாயு. சத்து மிகுந்த புல்வெளி ஆழமாக வடிக்கப்பட்டிருந்தால் 6.1 டன் கரிமம், 30 செ.மீ.க்குள்ளேயே நீர் நின்றால் 3.6. ஒரே மண், ஒரே புல், நீர்மட்டம் மட்டும் வேறு.

அளப்பது கடினமில்லை. பக்கவாட்டில் துளையிட்ட பிவிசி குழாயை வடிதுணி சுற்றி இறக்கி, அடிமண்ணில் ஊன்றிவிடுங்கள். பீட்டில் மட்டும் நட்டால், மழையில் பீட் உப்பும்போதும் கோடையில் சுருங்கும்போதும் குழாயும் கூடவே ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் குழாய் விளிம்பிலிருந்து நீருக்கும், விளிம்பிலிருந்து தரைக்கும் இரண்டு அளவு எடுங்கள். வயல் நடுவிலும் வாய்க்கால் அருகிலும் குழாய் தேவை. இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் வளைந்து போகும். குறைந்தது ஓர் ஆண்டுத் தரவு வேண்டும். கோடையில் ஒருநாள் பார்த்த ஆழம் சராசரி ஆகாது.

வாய்க்கால் இருக்கிறது என்பதற்காக நிலம் வடிந்துவிட்டது என்று பொருளில்லை. அயர்லாந்தில் கரிம மண் மேல் உள்ள புல்வெளிகளெல்லாம் நன்கு வடிக்கப்பட்டவை என்றுதான் முன்பு கணக்கிட்டார்கள். களத்தில் பார்த்தபோது பல வடிகால்கள் பராமரிப்பின்றித் தூர்ந்து, நிலம் பாதி நனைந்தே கிடந்தது. தேசிய உமிழ்வுக் கணக்கையே கணிசமாகக் கீழிறக்கித் திருத்த வேண்டியதாயிற்று.

9. வரைபடத்தை உருவாக்குதல்

வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் இலவசம், புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியும் இலவசம். களப் புள்ளிகளையும் நான்காம் படியின் அடுக்குகளையும் இணைத்து ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ போன்ற கணிப்பு முறையை ஓட்டுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இணையத்தில் பாடம் நிறைய இருப்பதால் பொத்தான்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. பாடங்கள் அழுத்திச் சொல்லாத இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சோதனை. நெருக்கமாக உள்ள புள்ளிகளைக் கலைத்துப்போட்டு, பாதியில் பயிற்சி, பாதியில் சோதனை என்று செய்தால் 95 விழுக்காடு சரி என்று வரும். அண்டைப் புள்ளியின் விடையைப் பார்த்து எழுதியதால் வந்த மதிப்பெண் அது. ஒரு வட்டாரம் முழுவதையும் ஒதுக்கிவைத்து, மற்ற வட்டாரங்களில் கற்றதைக் கொண்டு அதைக் கணிக்கச் சொல்லுங்கள். எண் சரியும்; அந்த எண்தான் உண்மை. ஐந்தாம் படியில் பூட்டிவைத்த புள்ளிகளையும் இப்போது திறங்கள்.

இரண்டாவது, எல்லைக்கோடு. ‘இதுவரை பீட், அதற்கப்பால் இல்லை’ என்று மெல்லிய கோடு போட்டால் பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும். மண் அப்படி இல்லை. ஆழத்தை ஓர் அடுக்காகவும், பீட் இருப்பதற்கான நிகழ்தகவை இன்னொன்றாகவும், கணிப்பின் ஐயத்தை மூன்றாவதாகவும் கொடுங்கள். ஐயம் கூடிய பட்டையைத் தனி நிறத்தில் காட்டி, இங்கே முடிவெடுப்பதற்கு முன் துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

10. வரைபடத்திலிருந்து வயலுக்கு

ஆழம், நீர்மட்டம், இப்போதைய பயன்பாடு ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் நிலம் தானாகப் பிரியும். இன்னும் ஈரமாக இருக்கும் ஆழ பீட்டைத் தொடாமல் காப்பதே மிக மலிவான வழி. ஆழமாக வடிக்கப்பட்டு, விளைச்சலும் குறைந்த ஆழ பீட்தான் நீர்மட்டத்தை உயர்த்த முதல் இடம். அங்கே நாணல், சம்பு, ஸ்ஃபாக்னம் பாசி, வெப்பமண்டலத்தில் சேகோ பனை என்று ஈரத்திலேயே விளைபவற்றை முயலலாம். நல்ல வருமானம் தரும் வடிக்கப்பட்ட பீட்டில் மட்டத்தைப் பகுதியளவு உயர்த்துவது, பயிரில்லாப் பருவத்தில் வாய்க்காலை அடைத்துவைப்பது போன்ற இடைவழிகளைப் பேசலாம். மெலிந்த ஓர பீட்டில் எளிய விடை இல்லை. அடிமண் எது என்பதைப் பொறுத்து வயலுக்கு வயல் முடிவு மாறும்.

நீரைத் தரைக்கு மேல் நிற்கவிட்டால் மீத்தேன் கூடும். தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது நல்லது. தொடக்கத்தில் மீத்தேன் கொஞ்சம் கூடினாலும், நீண்டகாலக் கணக்கில் கரியமில வாயுவைத் தடுத்த பலன் அதை விஞ்சும்.

கனிம மண்ணாலான மீதி விளைநிலத்தில் மூடுபயிர், பயிர்க்கழிவை மண்ணிலேயே விடுதல், தொழுவுரம் ஆகியவை நல்லவை. மண்ணுக்கும் விளைச்சலுக்கும் உதவும். ஆனால் அங்கே கரிமம் மெல்லத்தான் ஏறும், சில பத்தாண்டுகளில் நின்றுவிடும். அதை வைத்து பீட்டிலிருந்து போவதை ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஏழாம் படியின் இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

நீர் வேலியைப் பார்ப்பதில்லை. ஒரு வயலில் வாய்க்காலை அடைத்தால் பக்கத்து வயலும் நனையும். ஆகவே முடிவின் அலகு வயல் அல்ல, ஒரே வடிகாலைப் பகிரும் நிலத்தொகுதி. லைடாரில் எடுத்த வாய்க்கால் வலை இங்கேதான் உதவும். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1990களின் நடுவில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல் வயலாக்கும் திட்டம், நடுவில் மேடாக உயர்ந்த ஆழ பீட் குவிமாடங்களையே குறுக்கே வெட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான கி.மீ. கால்வாய் தோண்டியது. நெல் விளையவில்லை, காய்ந்த பீட் 1997இலும் பின்னரும் எரிந்தது. பிற்காலத்தில் அந்நாடு 3 மீட்டருக்கு மேற்பட்ட பீட்டைக் காப்புப் பகுதியாகவும், சாகுபடி பீட்டில் நீர்மட்டம் 40 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்றும் விதி வகுத்தது. ஆழமும் நீர்மட்டமும் அளந்த வரைபடம் இல்லாமல் இவ்விதிகளில் ஒன்றையும் நடைமுறைப்படுத்த முடியாது.

சட்டங்களும் இப்போது இந்தத் திசையில்தான் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 இயற்கை மீட்புச் சட்டம், வடிக்கப்பட்ட வேளாண் பீட்டில் 30 விழுக்காட்டுக்கு 2030க்குள் மீட்பு நடவடிக்கை வேண்டும், அதில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை மறுபடி நனைக்க வேண்டும் என்கிறது. டென்மார்க் அதே ஆண்டு 1,40,000 ஹெக்டேர் கரிமம் செறிந்த தாழ்நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்க உடன்பாடு கண்டது. பணமும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட எண்கள் இவை. உங்கள் கோடு யாருடைய நிலத்தின் மதிப்பையாவது மாற்றும்.

எனவே வெளியிடுவதற்கு முன் நிலத்தாரிடம் வரைவைக் காட்டுங்கள். தனியார் நிலத்தின் துல்லியப் புள்ளிகளைப் பொதுவெளியில் போடுவதா என்பதை அவர்களோடு பேசி முடிவெடுங்கள். வரைபடத்தின் மூலையில் அளந்த ஆண்டையும் பயன்படுத்திய வரையறையையும் எழுதுங்கள். தேய்ந்துகொண்டிருக்கும் மண்ணுக்குத் தேதி இல்லாத வரைபடம் உதவாது. ‘என் மூலையில் பீட் இல்லை’ என்று ஒருவர் வாதாடினால், கணினியைத் திறந்து நிகழ்தகவைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கம்பியை எடுத்துக்கொண்டு அவரோடு போய், அவர் சொல்லும் இடத்தில் குத்திப் பாருங்கள். வந்த அளவு எதுவானாலும் தரவில் சேர்த்து, அடுத்த பதிப்பில் கோட்டைத் திருத்துங்கள்.